வாடகை டயரில் எப்.சி.! நீங்கள் ஏறும் வண்டிக்கு சர்ட்டிபிகேட் இருக்கிறதா?

சென்னை நகரில் உள்ள ஒரு ஆர்.டி.ஓ. அலுவலகம். எது என்ற பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் இதே காட்சிதான்.

காலை 7 மணி. கேட் இன்னும் திறக்கவில்லை. ஆனால் தெரு முழுக்க வண்டிகள். ஆட்டோக்கள், ஷேர் ஆட்டோக்கள், 'குட்டி யானை' லோடு வண்டிகள், மஞ்சள் பெயிண்ட் அடித்த பள்ளி வேன்கள்.

ஒவ்வொரு வண்டியும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னுகிறது. புது பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஹூட் புதுசு. கண்ணாடி பளபளப்பு. சிவப்பு, வெள்ளை ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் நேற்று ராத்திரிதான் ஒட்டியிருக்கிறார்கள். விரல் வைத்தால் பிசுபிசுக்கிறது.

நேற்று மாலை வரை இதே வண்டிகள் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள்!

இன்று அவற்றுக்கு 'எப்.சி.' நாள்.

"வண்டி எப்.சி.க்கு போயிருக்கு சார், ரெண்டு நாள் வேற ஆட்டோ பார்த்துக்குங்க" என்று வழக்கமாக வரும் டிரைவர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிள்ளையை பள்ளிக்கு அழைத்துப் போகும் வேன்காரரும் சொல்லியிருப்பார். கேட்டு விட்டு சும்மா தலையாட்டியிருப்பீர்கள். அது என்ன எப்.சி.?

உடல் தகுதி சர்ட்டிபிகேட்

போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது டாக்டர் நெஞ்சை அளந்து, கண்ணைப் பார்த்து, "இவர் தகுதியானவர்" என்று எழுதிக் கொடுப்பார் அல்லவா? அதே மாதிரி வண்டிக்குக் கொடுப்பதுதான் எப்.சி. தகுதிச் சான்று. மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து, "இந்த வண்டி ரோட்டில் ஓட லாயக்கானது" என்று கொடுக்கும் சர்ட்டிபிகேட். சட்டப்படி இதற்கு 38-ம் நம்பர் படிவம்.

இது புது வழக்கம் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1939-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்திலேயே இருந்தது. இப்போது இருப்பது 1988-ம் ஆண்டு சட்டம். அது 1989 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதில் 56-வது பிரிவு ஒரு விஷயத்தை அடித்துச் சொல்கிறது. எப்.சி. இல்லாத வாடகை வண்டி, பதிவே ஆகாத வண்டிக்குச் சமம்!

அதாவது ஆர்.சி. புத்தகம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் பயன் இல்லை. எப்.சி. தேதி முடிந்த மறுநாள் காலை அந்த ஆட்டோ நம்பர் இல்லாத ஆட்டோதான்.

யாருக்கு எப்.சி.? மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்கிறதா? அந்த வண்டிகளுக்கு எல்லாம் உண்டு. ஆட்டோ, டாக்சி, லாரி, லோடு வேன், ஆம்னி பஸ், டவுன் பஸ். கூலிக்கு ஆள் ஏற்றாத பள்ளி பஸ்சுக்கும் உண்டு. கடைக்காரர் தன் சொந்தச் சரக்கை ஏற்றத்தான் வைத்திருக்கிறார், வாடகைக்கு விடவில்லை என்றாலும் லோடு வண்டி லோடு வண்டிதான். தப்பிக்க முடியாது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை? இங்கேதான் பலருக்குக் குழப்பம். புது வண்டி வாங்கினால் முதல் 2 ஆண்டுகள் கவலை இல்லை. முன்பெல்லாம் அதற்குப் பிறகு வருடா வருடம் காட்ட வேண்டும். 2018 நவம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. வண்டிக்கு 8 வயது ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு தடவை காட்டினால் போதும். 8 வயது தாண்டினால் பழையபடி வருடம் ஒரு தடவை.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு" என்று நினைத்துக் கொண்டு 9 வயது வண்டியை ஓட்டிப் போய் மாட்டிக் கொண்டவர்கள் உண்டு.

ஒரு நாள் கூத்து

சரி, கேட் திறந்தாகி விட்டது. உள்ளே போகலாம்.

ஆய்வாளர் வருகிறார். கையில் பேப்பர். முதலில் சேஸ் நம்பர். வண்டியின் எலும்புக்கூட்டில் குத்தியிருக்கும் அந்த நம்பர் மேல் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்திருக்க வேண்டும். திருட்டு வண்டியா, வேறு வண்டியின் நம்பரா என்பது இதில் தெரிந்து விடும்.

பிறகு ஹாரன். லைட். இண்டிகேட்டர். பிரேக் லைட். வைப்பர். பக்கக் கண்ணாடி. ஸ்பீடோ மீட்டர். சைலன்சர். ஸ்டியரிங். டயர். கடைசியாக வண்டியை ஓட்டச் சொல்லி, "அடி பிரேக்கை" என்பார்.

இவை எல்லாம் மத்திய மோட்டார் வாகன விதி 62-ல் பட்டியல் போட்டுக் கொடுத்திருப்பவை. ஆய்வாளர் தன் இஷ்டத்துக்குப் பார்ப்பது அல்ல. டயருக்குக் கூட அளவு உண்டு. ஆட்டோ, ஸ்கூட்டர் டயரில் வரிப்பள்ளம் 0.8 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. கார், வேன், பஸ்சுக்கு 1.6 மில்லி மீட்டர். அதற்கும் கீழே போனால் மொட்டை டயர். மழைத் தண்ணீரில் பிரேக் போட்டால் வண்டி நிற்காது, வழுக்கிக் கொண்டே போகும்.

இந்த மொட்டை டயர் விஷயத்தில்தான் கூத்து நடக்கிறது.

நல்ல டயர் நாலு வாங்க காசு இல்லையா? கவலை வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும்! எப்.சி. நாளன்று மாட்டிக் கொண்டு போய்க் காட்டி விட்டு, மாலையில் கழற்றிக் கொடுத்து விட வேண்டியதுதான். டயர் மட்டுமா? தீயணைக்கும் சிலிண்டர், முதல் உதவிப் பெட்டி, ஸ்டெப்னி எல்லாமே ஒரு வண்டியில் இருந்து அடுத்த வண்டிக்கு ஊர்வலம் போகும். காலையில் ஒரு வேனில் இருந்த சிவப்பு சிலிண்டர் மத்தியானம் அடுத்த வேனில் சிரிக்கும்.

டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

"அண்ணே, டயரு மாத்துறதுக்கே ஒரு வார வருமானம் போயிடும். அதுக்கு மேல டிங்கரிங், பெயிண்டு. வண்டி நிக்கிற நாளுக்கு சவாரியும் கிடையாது. நாங்க என்னதான் பண்றது?" என்பது இளவட்ட டிரைவர்களின் கேள்வி.

அதற்கு அனுபவப்பட்ட பெரிய டிரைவர்கள் சொல்லும் பதில் வேறு. "தம்பி, வாடகை டயரு ஆபீசரை ஏமாத்தும். ரோட்டை ஏமாத்துமா?"

சரியான கேள்விதான். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று ஆட்டோ நீளம் தாண்டி விடும். பிரேக் பிடிக்காவிட்டால் அதற்குப் பிறகு கேட்பானேன்!

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நகரில் ஓடும் ஆட்டோக்களில் பல, ஓட்டுகிறவருக்குச் சொந்தம் அல்ல. தினமும் வாடகை கொடுத்து எடுத்து ஓட்டுகிறார்கள். எப்.சி. காட்ட வேண்டியது முதலாளி. ஆனால் சிக்னலில் போலீஸ் கை காட்டினால் மாட்டுவது டிரைவர். "ஓனர்கிட்ட கேட்டா அடுத்த மாசம்ங்கறாரு. வேற வண்டியும் கிடைக்காது. வாயை மூடிக்கிட்டு ஓட்டுறோம்" என்கிறார்கள். வாடகை வண்டி எடுக்கிறவர்கள் சாவியை வாங்கும் முன்பு எப்.சி. தேதியைக் கேட்பது நல்லது. கேட்டால் கோபித்துக் கொள்ளும் முதலாளியின் வண்டியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஓட்டை பஸ்

எப்.சி. வெறும் காகிதமாகப் போனால் என்ன ஆகும்? சென்னை மக்கள் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

2012-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி. மாலை நேரம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்.

2-ம் வகுப்பு படித்த 6 வயது சிறுமி பள்ளி பஸ்சில் வீடு திரும்பிக் கொண்டு இருந்தாள். பஸ்சின் தரையில் ஒரு ஓட்டை. ஓடும் பஸ்சில் இருந்து அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தாள். சக்கரம் ஏறியது. அந்த இடத்திலேயே உயிர் போய் விட்டது.

ஊர் கொதித்தது. ஆத்திரம் அடைந்த கூட்டம் பஸ்சுக்குத் தீ வைத்தது.

பஸ்சுக்கு எப்.சி. இருந்ததா? இருந்தது! அதுதான் எல்லோரையும் திடுக்கிட வைத்தது. தரையில் ஓட்டை உள்ள பஸ்சை ஒரு அதிகாரி பார்த்து, லாயக்கானது என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருந்தார். அந்த ஆய்வாளர் சஸ்பெண்டு செய்யப்பட்டார். சென்னை ஐகோர்ட்டு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக் கொண்டது.

அதே ஆண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கு என்று தமிழக அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. பஸ்சுக்கு மஞ்சள் நிறம், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, முதல் உதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு உதவியாள். இப்போது ஒவ்வொரு ஆண்டும் மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன்னால், மைதானங்களில் பள்ளி பஸ்களை வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்க்கிறார்களே, அது அந்தக் குழந்தை போன பிறகு சூடு பிடித்த வேலை. போக்குவரத்து அதிகாரிகளோடு போலீஸ், வருவாய்த் துறை, கல்வித் துறை ஆட்களும் வருகிறார்கள். அதிகாரி பஸ்சுக்குள் ஏறியதும் முதலில் குனிந்து பார்ப்பது தரைப் பலகையைத்தான்.

பிறகு இன்னொரு சாவு. 2022 மார்ச் 28-ந்தேதி வளசரவாக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி 2-ம் வகுப்பு மாணவன் இறந்தான். வயது 7. பின்னால் பிள்ளை நிற்பது டிரைவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் ஆள் இருந்தால் சத்தம் போடும் சென்சாரும் வேண்டும் என்று விதி வந்தது.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒரு பள்ளிப் பை கிடக்கிறது.

எங்கே போவது?

எப்.சி. காட்ட வேண்டும். எந்த ஆபீசுக்குப் போவது? நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

டி.என்.01 என்றால் அயனாவரம். 02 அண்ணா நகர். 03 தண்டையார்பேட்டை. 04 ராயபுரம். 06 மந்தைவெளி. 07 திருவான்மியூர். 09 கே.கே. நகர். புறநகர்ப் பக்கம் போனால் 11 தாம்பரம், 12 பூந்தமல்லி, 13 அம்பத்தூர், 14 சோழிங்கநல்லூர், 18 செங்குன்றம், 22 மீனம்பாக்கம்.

ஆனால் வண்டி கை மாறி, வீடும் மாறியிருந்தால் நம்பரை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஆர்.சி.யில் இப்போது எந்த முகவரி இருக்கிறதோ அந்த எல்லைக்கு உட்பட்ட அலுவலகம்தான் கணக்கு. தண்டையார்பேட்டை நம்பர் வண்டியை வாங்கி, தாம்பரத்துக்கு முகவரி மாற்றியவர் தாம்பரத்துக்குத்தான் போக வேண்டும்.

முன்பு மாதிரி விடிகாலையில் போய் டோக்கனுக்கு இடம் பிடிக்கும் வேலை இப்போது இல்லை. மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பணமும் அதிலேயே கட்ட வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பதையும் அதிலேயே எடுத்துக் கொள்ளலாம். செல்போனில் பிள்ளைகள் போட்டுக் கொடுத்து விடுவார்கள். தெரியாதவர்களுக்கு பிரவுசிங் சென்டர் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் ஆபீஸ் ஒரு தெருவில் இருக்கும். வண்டி பார்க்கும் மைதானம் வேறு இடத்தில் இருக்கும். நாள் எடுக்கும்போதே இடத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி விட்டு மத்தியானம் வரை காத்திருந்து, "இங்கே இல்லீங்க, அங்கே போங்க" என்று கேட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

கையோடு எடுத்துப் போக வேண்டியவை: ஆர்.சி., பழைய எப்.சி., இன்சூரன்ஸ், புகை சர்ட்டிபிகேட், பர்மிட், வரி கட்டிய ரசீது. இதில் ஒன்று காலாவதி ஆகியிருந்தாலும் வண்டியின் பக்கமே ஆய்வாளர் வர மாட்டார். இன்சூரன்ஸ் தேதியை மறந்து போய், வரிசையில் பாதியில் நின்று கொண்டு ஏஜெண்டுக்குப் போன் போடும் காட்சி தினமும் நடக்கிறது. நல்ல பெயிண்ட் அடித்து என்ன லாபம்?

புரோக்கர் வலை

வாசலில் இன்னொரு கூட்டம் நிற்கும். கையில் பைல், காதில் பேனா.

"நீங்க ஏன் சார் அலையணும்? கொடுங்க, நான் பார்த்துக்கறேன். வண்டி கூட வர வேண்டாம்!"

கடைசி வாக்கியத்தைக் கேட்டால் அங்கிருந்து நகர்ந்து விடுங்கள். வண்டியைப் பார்க்காமல் வாங்கும் எப்.சி.யும், கண்ணை மூடிக் கொண்டு எழுதும் மருந்துச் சீட்டும் ஒன்றுதான். சேஸ் நம்பர் பிரதியை மட்டும் கொடுத்தால் போதும் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிபட்டால் புரோக்கர் பெயர் எந்தப் பேப்பரிலும் இருக்காது. உங்கள் பெயர்தான் இருக்கும்.

நேராகப் போகிறவர்களை வேண்டும் என்றே இழுத்தடிப்பதாகப் புகார் சொல்லும் டிரைவர்களும் உண்டு. "நேரா போனா பல்பு மங்கலா இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க. ஆளு மூலமா போனா அதே பல்பு பிரகாசமா தெரியுது" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பில் வயிற்றெரிச்சல் தெரிகிறது.

திருப்பி அனுப்பினால் என்ன செய்வது? சும்மா வந்து விடக் கூடாது. என்ன குறை என்று எழுதி வாங்குவது உங்கள் உரிமை. எப்.சி. கொடுக்க மறுத்தாலும், கொடுத்ததை ரத்து செய்தாலும், காரணத்தை எழுத்து மூலம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சீட்டை வாங்கிக் கொண்டு, குறையைச் சரி செய்து, மறுபடி காட்டலாம்.

நாளுக்கு 50 ரூபாய்

தேதி தாண்டிப் போனவர்கள் கதை தனி.

2016 டிசம்பர் 29-ந்தேதி மத்திய அரசு கட்டணங்களை உயர்த்தியது. எப்.சி. முடிந்த பிறகு தாமதமாக வந்தால், தாமதம் ஆன ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் என்றும் சொன்னது. ஆட்டோ டிரைவர்களுக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்து 6 மாதம் வண்டியைத் தொடாதவன் கதி என்ன? 180 நாளுக்கு 9 ஆயிரம் ரூபாய்!

டிரைவர்கள் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஏப்ரலில் சென்னை ஐகோர்ட்டு இந்தக் கூடுதல் கட்டணத்தை ரத்து செய்தது. ஆனால் 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்டு, 2022 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்த புது கட்டண விதியிலும் அந்த 50 ரூபாய் மறுபடி ஏறி உட்கார்ந்து கொண்டது.

அதனால் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போட்டு விடுவதுதான் புத்திசாலித்தனம். முடிகிற வாரத்தில் போட்டால் நாள் கிடைக்காமல் தவிக்க நேரிடும். மே மாதத்தில் பள்ளி வேன்கள் மொத்தமாக வந்து குவியும். அந்தச் சமயத்தில் ஆட்டோக்காரர்கள் நாள் எடுப்பது கஷ்டம்.

எப்.சி. இல்லாமல் ஓட்டி மாட்டினால்? முன்பு சொன்ன மாதிரி பதிவு ஆகாத வண்டிக்குச் சமம். சட்டத்தின் 192-வது பிரிவுப்படி முதல் தடவை 2 ஆயிரம் முதல் 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மாட்டினால் 5 ஆயிரம் முதல் 10 ஆயிரம் வரை. ஒரு ஆண்டு வரை ஜெயிலும் உண்டு.

அபராதம் கூட பரவாயில்லை. விபத்து நடந்து விட்டால்தான் வீடு வாசல் போகும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டிப் பார்ப்பது எப்.சி. தேதியைத்தான். அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்து விட்டு, அந்தப் பணத்தை வண்டிக்காரரிடம் வசூலித்துக் கொள்ளலாம் என்று தீர்ப்பான வழக்குகள் உண்டு. லட்சக் கணக்கில் வரும். ஆட்டோவை விற்றாலும் அடையாது.

மெஷின் வருகிறது

ஆய்வாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கிறது. பெயிண்ட் தெரியும். பல்பு தெரியும். இடது சக்கரத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, வலது சக்கரத்தில் பாதிதான் பிடிக்கிறது என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? மெதுவாக ஓட்டிப் பார்த்தால் வண்டி நிற்கும். வேகத்தில் அடித்தால் ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு போய் நடுச்சுவரில் மோதும்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் இருக்கிறது. சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி, சுற்ற விட்டு, பிரேக் அடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியாக எண் காட்டும். ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறதா, ஸ்டியரிங் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா, சைலன்சரில் என்ன புகை வருகிறது என்று எல்லாவற்றுக்கும் கருவி உண்டு. வாடகை டயர் போட்டாலும் பிரேக் லைனர் தேய்ந்திருந்தால் மெஷின் விடாது.

இப்படிப்பட்ட தானியங்கி சோதனை நிலையங்களுக்கு 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதி போட்டது. தனியாரும் நடத்தலாம். ஆனால் அந்த நிலையம் நடத்துகிறவர் வண்டி ரிப்பேர் செய்யக் கூடாது, உதிரி பாகம் விற்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் "பிரேக் சரியில்லை, பக்கத்துக் கடையில் மாற்றிக் கொண்டு வா" என்று தன் கடைக்கே அனுப்பி விடுவார்கள் அல்லவா!

கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1-ந்தேதி முதல் இது கட்டாயம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு 2024 அக்டோபர் 1-ந்தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். நாடு முழுவதற்கும் போதிய நிலையங்கள் கட்டி முடிக்காததுதான் காரணம்.

டிரைவர்களுக்கு இதில் பயமும் இருக்கிறது. மெஷினிடம் "சார், அடுத்த தடவை மாத்திடறேன் சார்" என்று கெஞ்ச முடியாது. தனியார் கைக்குப் போனால் செலவு ஏறும் என்ற கவலையும் உண்டு. ஏழை டிரைவரின் கவலையைத் தள்ளி விட முடியாது. பின் சீட்டில் உட்காருகிறவன் உயிரையும் தள்ளி விட முடியாது.

ஸ்கூட்டர்காரர்களே!

"எனக்கு என்ன, நான் சொந்த ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறேன்" என்று நினைக்கும் குமாஸ்தாக்களும் ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும்.

சொந்த ஸ்கூட்டர், சொந்த காருக்கு வருடா வருடம் எப்.சி. கிடையாது. ஆனால் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு தடவை புதுப்பித்தால் 5 ஆண்டு. தேதி முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம். 25-ம் நம்பர் படிவம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு பசுமை வரியும் உண்டு.

அப்பா வாங்கிய பழைய ஸ்கூட்டரை மகன் ஓட்டிக் கொண்டு இருப்பார். ஆர்.சி. எந்த ஆண்டு முடிந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பீரோவில் தேடி எடுத்துப் பாருங்கள்.

புகை சர்ட்டிபிகேட்டும் தனி. அது மட்டும் சொந்த வண்டி, வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் உண்டு. புது வண்டி என்றால் முதல் ஒரு ஆண்டு வேண்டாம். பிறகு பி.எஸ்.4, பி.எஸ்.6 ரக வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு தடவை. அதற்கும் பழைய வண்டிகளுக்கு 6 மாதத்துக்கு ஒரு தடவை. பல பெட்ரோல் பங்குகளிலேயே எடுத்துத் தருகிறார்கள்.

சும்மா கேட்டுப் பாருங்கள்

பயணிகள் எப்படித் தெரிந்து கொள்வது? பல பஸ்களிலும் லாரிகளிலும் பக்கவாட்டில் எப்.சி. தேதியைப் பெயிண்டில் எழுதி வைத்திருப்பார்கள். யாரும் படிப்பது இல்லை. சினிமா போஸ்டரைப் படிக்கிறோம், இதைப் படிப்பது இல்லை.

செல்போன் இருந்தால் இன்னும் சுலபம். மத்திய அரசின் 'எம்-பரிவாகன்' செயலியில் வண்டி நம்பரை அடித்தால், தகுதிச் சான்று எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, புகை சர்ட்டிபிகேட் எந்தத் தேதி வரை என்று வந்து விடும். ஒரு நிமிட வேலை.

பிள்ளையை வேனில் அனுப்பும் தாய்மார்கள் வேன் புறப்பட்டதும் கை காட்டுகிறார்களே, அப்போது பின்னால் நம்பர் நன்றாகத் தெரியும். ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக் கொண்டால் போதும். பள்ளி பஸ் என்றால் பள்ளி அலுவலகத்தில் கேட்கலாம். மே மாத ஆய்வில் எந்த பஸ்சைத் திருப்பி அனுப்பினார்கள், குறையைச் சரி செய்து மறுபடி காட்டினார்களா என்பதையும் கேட்கலாம்.

மாலை 5 மணி ஆகி விட்டது. எப்.சி. முடிந்த வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. டிரைவர் முகத்தில் சந்தோஷம். டீக்கடையில் ஆளுக்கு ஒரு டீ.

கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் ஒரு ஷேர் ஆட்டோவுக்கு ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள். புது டயர் கீழே இறங்குகிறது. மொட்டை டயர் ஏறுகிறது.

"சீக்கிரம் மாட்டுடா, ஆபீஸ் விடற நேரம். சவாரி போயிடும்!"